இருட்டாக இருக்க வேண்டிய ஜன்னல்

அத்தியாயம் ஒன்பது

ஓர்னெல்லா மடக்குக் குடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். வெயிலுக்கும் இல்லை, மழைக்கும் இல்லை. பின்னால் வருகிற கூட்டம் தொலைந்து போகாமல் இருக்கத்தான். லூக்கா நகரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அவள் இப்படித்தான் வருஷக்கணக்காக மேய்த்துக் கொண்டிருக்கிறாள். அந்தக் குடை ஒருநாளும் நடுங்கியதில்லை. இன்றைக்கு நடுங்கியது.

நடுங்காமல் என்ன செய்யும்? வியாழக்கிழமை விடிகாலையில் மகள் லவீனியா கதவைத் தட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இடது கையில் மாவுக்கட்டு. வலது கையில் தூக்கம் கலையாத ஐந்து வயசு பியா. "அம்மா, கதவைச் சாத்து" என்பதுதான் அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை.

வெரோனாவில் மாப்பிள்ளை கொராதோவுக்குப் பெரிய மனுஷன் என்று பெயர். வீட்டுக்குள் அவன் யார் என்பதை லவீனியாவின் மணிக்கட்டு சொல்லியது. குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று திங்கட்கிழமை கோர்ட்டில் முடிவாகும். அதுவரைக்கும் அவன் வந்து பியாவைத் தூக்கிக் கொண்டு போனால் கேட்க நாதியில்லை. போன வசந்தத்தில் அப்படித்தான் நடந்தது. குழந்தையைத் தம்பி அல்வீஸேவோடு எங்கோ மலைக்கு அனுப்பிவிட்டு, மூன்று வாரம் இடத்தைச் சொல்லாமல் லவீனியாவை அழ வைத்தான்.

"இந்தத் தடவையும் அவன் நேர்ல வரமாட்டாம்மா. அல்வீஸேவைத்தான் அனுப்புவான்" என்று நேற்று ராத்திரி சொன்னாள் லவீனியா.

"அவனை நானும் அப்பாவும் பார்த்ததே இல்லையே. கல்யாணத்துக்குக்கூட வரலை."

"கப்பல்ல வேலை பார்த்தவன். கையில துண்டுக் காகிதம் கிடைச்சாப் போதும், மடிச்சு மடிச்சு ஒரு கப்பல் பண்ணிடுவான். அவனுக்கே தெரியாம கை பண்ணும். பியாவுக்கு அவன்னா உசிரு. அவன் கூப்பிட்டா ஓடிப் போயிடுவா. அதாம்மா எனக்கு பயமே."

இத்தனை பயத்தை வீட்டில் வைத்துக்கொண்டு இவள் எதற்கு வேலைக்கு வந்தாள் என்று கேட்பீர்கள். இன்றைக்கு செப்டம்பர் பதிமூன்று, திருச்சிலுவைத் திருநாளுக்கு முந்தைய நாள். ஊருக்கே பெரிய திருவிழா மாலை. இன்றைக்குப் போய் ஓர்னெல்லா லீவு போட்டால் தெரு மொத்தமும் சூப்புக் கிண்ணத்தோடு விசாரிக்க வந்து நிற்கும். எப்போதும் போல இரு என்று கணவன் துய்லியோவும் சொல்லியிருந்தான். எப்போதும் போல இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பது இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

சான் ஃப்ரெதியானோ கோயில் வாசலிலிருந்து கூட்டத்தை அழைத்துக்கொண்டு வட்டச் சதுக்கத்துக்கு வந்தாள். காலையிலிருந்தே ஆட்கள் ஏணி போட்டு, வீடுகளின் முகப்பில் சின்னச் சின்னக் கண்ணாடிக் குவளைகளை வரிசையாகப் பொருத்திக் கொண்டிருந்தார்கள்.

"இது என்ன சிஞோரா, கட்டடத்துக்கெல்லாம் டம்ளர் மாட்டுறாங்க?" என்றாள் போலோன்யாவிலிருந்து வந்திருந்த இர்மா. எழுபது வயசு, ஓயாத வாய், ஓய்ந்துபோன முழங்கால்.

"சாயங்காலம் ஊர்வலம் வரும்போது தெருவிளக்கை எல்லாம் அணைச்சிடுவாங்க. ஒவ்வொரு குவளையிலயும் மெழுகுவத்தி. ஜன்னல்லயும் அவங்கவங்க ஏத்துவாங்க."

"எல்லா வீட்டுலயுமா?"

"எல்லா வீட்டுலயும். ஆள் இருக்கிற வீட்டுல ஏத்தாம இருக்க மாட்டாங்க" என்றாள் ஓர்னெல்லா. சொல்லும்போது அந்த வார்த்தை தன் கழுத்துக்கே வரும் என்று அவளுக்குத் தெரியாது.

அப்போதுதான் அந்த ஆளைக் கவனித்தாள். நாற்பது வயசிருக்கும். சாம்பல் நிறச் சட்டை, வெயிலில் காய்ந்த முகம். காலையில் பெயர் கேட்டபோது பாவோலோ என்றான். அவள் கோபுரத்தைக் காட்டினால் கூட்டம் கோபுரத்தைப் பார்த்தது. அவன் ஜன்னல்களைப் பார்த்தான். மூன்றாவது மாடி, நான்காவது மாடி, துணி காயும் கொடி.

ஊர் பார்க்க வருகிறவர்கள் ஊரைப் பார்ப்பார்கள். இவன் வீடுகளைப் பார்க்கிறானே என்று அவளுக்கு உறுத்தியது. சே, எல்லோரையும் சந்தேகப்பட்டால் எப்படி என்று தன்னையே அதட்டிக்கொண்டு, வழக்கமான ரொட்டிக் கடையில் கூட்டத்தை நிறுத்தினாள். உலர்திராட்சையும் சோம்பும் போட்ட புச்செல்லாத்தோ ரொட்டியை வாயில் வைக்காமல் யாரும் லூக்காவை விட்டுப் போவதில்லை.

கடைக்கார மஃபால்தாவுக்கு ஓர்னெல்லாவைக் கண்டதும் வாய் திறந்துவிட்டது. "காலையில துய்லியோ ரெண்டு பெரிய ரொட்டி வாங்கிட்டுப் போனான். பால் வேற. என்ன, வீட்டுல விருந்தாளியா?"

சாம்பல் சட்டைக்காரன் ரொட்டியை மெல்வதை நிறுத்தினான்.

"விருந்தாளி ஏது? அவன் ஒருத்தனே ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடுறான். சைக்கிள் வாடகைக்கு விடுற மனுஷன், தான் ஒருநாளும் மிதிக்கிறதில்ல. தொப்பையைப் பாரு" என்றாள் ஓர்னெல்லா.

மஃபால்தா சிரித்தாள். இர்மா சிரித்தாள். அவன் மட்டும் சிரிக்காமல் கையிலிருந்த ரொட்டித் துகளைத் தட்டிவிட்டான்.

அடுத்தது குயினீஜி கோபுரம். உச்சியில் மரங்கள் வளர்ந்து நிற்கிற கோபுரம். அதில் ஏறத்தான் பாதிப்பேர் வருகிறார்கள். ஓர்னெல்லா நுழைவுச் சீட்டு வாங்கி ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். இர்மா சீட்டால் விசிறிக்கொண்டாள். ஒரு ஜெர்மன்காரர் அதைப் படமெடுத்தார். சாம்பல் சட்டைக்காரன் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். அவனுடைய விரல்கள் மட்டும் கீழே தனியாக வேலை செய்தன. சீட்டைப் பாதியாக மடித்தன. மூலைகளைச் சேர்த்தன. விளிம்பைத் திருப்பின.

கட்டை விரல் அளவுக்கு ஒரு காகிதக் கப்பல்.

ஓர்னெல்லா சட்டென்று குடைப் பக்கம் பார்வையைத் திருப்பினாள். அவனை நேராகப் பார்க்கக் கூடாது, முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்று மட்டும் தோன்றியது. "நீங்க முன்னால ஏறுங்க. படி குறுகல், சுவரைப் பிடிச்சுக்குங்க. அடுத்த இடத்துக்கு ஒரு போன் பண்ணிட்டு வந்துடுறேன்" என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். கடைசி ஆளும் உள்ளே போனதும் சுவரோரமாக ஒதுங்கி எண்ணை அழுத்தினாள்.

"துய்லியோ, அவன் வந்துட்டான்."

"யாரு?"

"அல்வீஸே. என் கூட்டத்துலயே இருக்கான். இப்பக் கோபுரத்துல ஏறிக்கிட்டிருக்கான்."

மறுமுனையில் சைக்கிள் மணி ஒன்று அடித்து ஓய்ந்தது. "உறுதியாத் தெரியுமா?"

"கப்பல் பண்ணான், என் கண்ணு முன்னால. நீ கடையை அப்படியே போட்டுட்டு வீட்டுக்குப் போ. கூரை மாடத்துல பியாவோட துணி காயுது. கோபுரத்து மேல நின்னா நம்ம மாடம் உள்ளங்கை மாதிரி தெரியும். எல்லாத்தையும் உருவிடு. ஜன்னலைச் சாத்து. லவீனியாவை எழுப்பாதே, மாத்திரை போட்டுத் தூங்குறா, பயந்துடுவா."

"போலீஸைக் கூப்பிடட்டுமா?"

"கூப்பிட்டு? ஒருத்தன் டிக்கெட் வாங்கி ஊர் சுத்திப் பாக்குறான்னு சொல்லுவியா? போ, சீக்கிரம் போ."

படியேறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. வயசால் அல்ல. உச்சிக்கு வந்தபோது கூட்டம் மரநிழலில் நின்று படமெடுத்துக் கொண்டிருந்தது. அவன் மட்டும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கூரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஃபில்லுங்கோ தெருப் பக்கம். அவளுடைய வீட்டுப் பக்கம்.

நாலு தூணும் ஓட்டுக் கூரையுமான அவளுடைய மாடத்தில் துணிகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. துய்லியோவின் சட்டைகள். நடுவில் ஒரு சின்ன மஞ்சள் கவுன்.

"எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க. மலை தெரியுது பாருங்க, இன்னிக்குத்தான் இவ்வளவு தெளிவாத் தெரியுது" என்று எதிர்ப்பக்கம் குடையை நீட்டினாள். மலை ஒன்றும் தெரியவில்லை. வெறும் புகைமூட்டம். மரியாதைக்குக் கூட்டம் திரும்பியது. அவன் திரும்பவில்லை.

"ஐயோ பாவம், அங்க பாருங்க" என்றாள் இர்மா. அவளும் மலையைப் பார்க்கவில்லை. "யாரோ ஒரு குண்டு ஆளு துணியைக் கிளிப்போட பிடுங்குறான். வீடு தீப்பிடிச்ச மாதிரி ஓடுறான். மழையா வருது?"

துய்லியோதான். சட்டையை இழுத்தான், துண்டை இழுத்தான், எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினான். மஞ்சள் கவுன் கொடியிலேயே தொங்கியது. ஒரு யுகம் கழித்து ஒரு கை மட்டும் வெளியே வந்து அதையும் உருவிக்கொண்டு போனது.

"யார் வீடு சிஞோரா அது?" என்று அவன் கேட்டான். குரல் மிருதுவாக இருந்தது. அதுதான் அவளுக்கு ரொம்பப் பயமாக இருந்தது.

பொய் என்பது ஓர்னெல்லாவுக்குச் சட்டென்று வராது. வந்தாலும் தேவைக்கு அதிகமாக வந்துவிடும். "எங்கம்மா வீடு. அவங்க போனதுக்கப்புறம் பூட்டித்தான் கிடக்கு. நாங்க ஊர் மதிலுக்கு வெளியில இருக்கோம். எப்பவாவது ஒரு ஆள் வந்து பெருக்கித் துடைச்சுட்டுப் போவான்."

"பூட்டின வீட்டுல குழந்தை கவுன் காயுதே."

"துடைக்கிற ஆளோட துணியா இருக்கும். எங்க வீட்டுத் தண்ணியிலயே துவைச்சுக்கிறான் போல. வரட்டும், கேட்கிறேன்" என்று அவள் முகத்தைச் சுளித்துக் காட்டினாள்.

அவன் தலையாட்டினான். நம்பினானா இல்லையா, கடவுளுக்கே வெளிச்சம்.

மாலையில் மதில் மேல் நடந்தார்கள். ஊரைச் சுற்றி வளைக்கிற அகலமான மதில், மேலே மரங்கள், நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள். அவன் கூட்டத்தை விட்டு முன்னால் வந்து, அவளோடு சேர்ந்து நடந்தான்.

"உங்களுக்குப் பிள்ளைகள் உண்டா?"

"ஒரு பொண்ணு. வெரோனாவுல."

"நல்ல ஊர். எனக்கும் அங்க உறவு உண்டு. அடிக்கடி வருவாளா?"

"எங்க வர்றா? கல்யாணம் ஆனா அம்மாவை யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"திருநாளுக்குக்கூடவா?"

"திருநாளுக்குக்கூட வரலை" என்று அவள் குடையை இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.

துய்லியோவிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். வீடு பூட்டிக் கிடப்பதாகச் சொல்லிவிட்டேன், இன்று ராத்திரி ஒரு பொட்டு வெளிச்சம் தெரியக் கூடாது என்று சொல்லியாக வேண்டும். கூட்டம் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்ததும் அவள் கொஞ்சம் தள்ளிப் போய் எண்ணை அழுத்தினாள். காதில் மணி அடித்தது. அதே நேரத்தில் கீழேயும் அடித்தது.

மதிலுக்குக் கீழே, வாயிலோரத்தில், துய்லியோவின் சைக்கிள் கடை. பலகைக் கதவு சாத்தியிருந்தது. போட்டது போட்டபடி ஓடிய மனுஷன் போனையும் உள்ளேயே போட்டுவிட்டு ஓடியிருக்கிறான். பூட்டிய கடைக்குள்ளிருந்து அவனுடைய போன், அவளுக்குத் தெரிந்த அந்தப் பழைய அக்கார்டியன் மெட்டில், விடாமல் கத்தியது.

அவள் பட்டென்று நிறுத்தினாள். கீழேயும் நின்றது.

அவன் பெஞ்சிலிருந்து அவளைப் பார்த்தான். பிறகு கடையைப் பார்த்தான். "சைக்கிள் கடை மூடிக் கிடக்கு. இன்னிக்குத்தானே நல்ல வியாபாரம்?" என்றான்.

"எல்லாரும் ஊர்வலத்துக்குப் போயிருப்பாங்க" என்றாள் ஓர்னெல்லா.

லவீனியாவின் போனை ஓர்னெல்லாவேதான் அணைத்து வைக்கச் சொல்லியிருந்தாள், கொராதோ தேடிப் பிடித்துவிடுவான் என்று. வீட்டுப் போன் இணைப்பையே எடுத்துவிட்டுப் பல வருஷமாயிற்று. ஓடிப் போய்ச் சொல்லலாம் என்றால் அல்வீஸேயும் பின்னால் வருவான். ஒரே வழி, கூட்டத்தை ஃபில்லுங்கோ தெருவில் நிற்க விடாமல் நேராகப் பேராலயத்துக்குக் கடத்திவிட வேண்டியதுதான். அங்கே ஜனம் நெருக்கியடிக்கும். யாரிடமாவது கூட்டத்தை ஒப்படைத்துவிட்டுச் சந்து வழியாக வீட்டுக்கு ஓடிவிடலாம்.

நல்ல யோசனைதான். இர்மாவின் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. ஃபில்லுங்கோ தெருவுக்கு வந்ததும் அவள் ஒரு கடையின் வாசற்படியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"இனிமே ஒரு அடி வைக்க மாட்டேன் சிஞோரா. என்னை இங்கேயே புதைச்சாலும் சரி."

"இன்னும் கொஞ்சம்தான். அங்க போனா நாற்காலி இருக்கும்."

"நாற்காலியை இங்க எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

மற்றவர்களும் ஆளுக்கொரு சுவரில் சாய்ந்துவிட்டார்கள். எதிரில், தெருவுக்கு அந்தப் பக்கம், ஓர்னெல்லாவின் வீடு.

தெருவிளக்குகள் அணைந்தன. ஆட்கள் நீளக் கம்பியில் திரி கட்டிக் குவளைகளைக் கொளுத்திக்கொண்டே போனார்கள். இருட்டில் வீடுகளின் விளிம்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கதவு வளைவு, ஜன்னல் சட்டம், மாடி வரிசை. முதல் மாடி ஜன்னலில் வெளிச்சம். இரண்டாவது மாடியில் வெளிச்சம். மூன்றாவது மாடியில் அவள் வீட்டு ஜன்னல் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. துய்லியோ, நீ நல்லா இருப்பே என்று மனசுக்குள் அவனைக் கும்பிட்டாள்.

"அதுதானே உங்க அம்மா வீடு?" என்று அவன் பக்கத்தில் வந்து நின்றான்.

"அதேதான்."

"பாவம். தெருவே வெளிச்சமா இருக்கு, அது மட்டும் இருட்டா இருக்கு."

அவன் மட்டுமா பார்த்தான்? தெருவே பார்த்தது. எதிர்ச்சுவரோரம் நின்ற இரண்டு பெண்கள் மேலே கையைக் காட்டி ஏதோ பேசினார்கள். "துய்லியோ வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா? இப்படி இருட்டாக் கிடக்கே" என்று ஒருத்தி கேட்டது இங்கே வரைக்கும் கேட்டது. "போய்க் கதவைத் தட்டிப் பார்த்துட்டு வந்துடட்டுமா?"

மேலே, சாத்திய ஜன்னலுக்குப் பின்னால், துய்லியோவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவன் என்ன நினைத்திருப்பான் என்பதை ஓர்னெல்லாவால் பிறகு வரிவரியாகச் சொல்ல முடிந்தது. லூக்காவில் பிறந்து வளர்ந்தவன். இந்த மாலையில் இருட்டான ஜன்னல்தான் ஊரைக் கூட்டும். எல்லார் வீட்டையும் போல நம் வீடும் இருந்தால் யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்? நியாயமான புத்திதான். அவள் சொன்ன பொய் அவனுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது மாடி ஜன்னல் ஒரு சாண் திறந்தது.

ஒரு பெரிய கை கண்ணாடிக் குவளையை விளிம்பில் வைத்தது. சுடர் ஆடி நின்றது. இன்னொரு குவளை. இன்னொன்று. ஓர்னெல்லாவுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினால் கூட்டமே மேலே பார்க்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு, போதும் துய்லியோ, சாத்து, சாத்து என்று கெஞ்சினாள்.

கடைசிக் குவளையை அந்தப் பெரிய கை வைக்கவில்லை. ஒரு குட்டிக் கை வைத்தது. மஞ்சள் கவுன் கை. குவளையை நேராக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துச் சரி செய்துவிட்டு, உள்ளே போனது.

அவளுக்குப் பக்கத்தில் நின்றவன் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பிறகு அதே மிருதுவான குரலில் சொன்னான்.

"பியா நல்லா வளந்துட்டா."

அவள் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை. அந்த நேரம் பார்த்து ஊர்வலம் வந்துவிட்டது. சிலுவை முன்னால், வெள்ளை அங்கிக்காரர்கள் பின்னால், கையில் மெழுகுவத்தியோடு தெருவை அடைத்துக்கொண்டு ஜனம். லூக்காவில் யாரும் இந்த ஊர்வலத்தைக் குறுக்கே வெட்ட மாட்டார்கள். குழந்தைக்கும் தெரியும், ஓர்னெல்லாவே எத்தனையோ சுற்றுலாக்காரர்களைச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறாள்.

"நீங்க அவளை என்ன செய்யப்..." என்று ஆரம்பித்துத் திரும்பினாள்.

அவன் அங்கே இல்லை. இர்மா படியில் உட்கார்ந்தபடி சிலுவைக் குறி போட்டுக்கொண்டிருந்தாள். "அந்தத் தம்பியா? அந்தப் பக்கம் போகணும்னு சொல்லிட்டு உள்ள புகுந்து போயிட்டானே. மரியாதை தெரியாத ஜென்மம்."

ஓர்னெல்லா குடையைக் கீழே போட்டாள். வெள்ளை அங்கிகளுக்கு நடுவில் தோளைக் கொடுத்து இடித்துக்கொண்டு போனாள். யாரோ அவள் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். சூடான மெழுகு முழங்கையில் கொட்டியது. "விடுங்க, என்னை விடுங்க" என்று அழுதுகொண்டே அந்தப் பக்கம் போய் விழுந்தாள்.

கீழ்வீட்டுக்காரர்கள் மெழுகுவத்தியோடு போய்வர வசதியாகத் தெருக்கதவை ஒரு பூந்தொட்டி வைத்து அகலத் திறந்து வைத்திருந்தார்கள். வருஷா வருஷம் அப்படித்தான் வைப்பார்கள்.

முதல் படியில் ஒரு காகிதக் கப்பல் இருந்தது. குயினீஜி கோபுரத்தின் நுழைவுச் சீட்டு.

அவள் கைப்பிடியைப் பிடித்து ஏறினாள். துய்லியோவைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. லவீனியாவைக் கூப்பிட்டாள். பதில் இல்லை. வெளியே ஜனம் பாடிக்கொண்டே போயிற்று. இரண்டாவது மாடியைத் தாண்டும்போது மேலே தன் வீட்டுக் கதவு திறந்திருப்பது தெரிந்தது. உள்ளேயிருந்து பியா கலகலவென்று சிரித்தாள்.

"சித்தப்பா, இன்னொரு கப்பல் பண்ணு. பெருசா பண்ணு, நாம ரெண்டு பேரும் ஏறிப் போற மாதிரி."